அணி வேறு, அணியை ஆள்வோர் வேறு

சிலாங்கூர் மாநிலத்தின் வட பகுதியில், ராவாங்குக்கும் பத்தாங்காலிக்கும் நடுவே, பழைய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அருகருகே செல்லும் செரண்டாவில், ஒரு காலத்தில் ஈயமும் ரப்பரும் மக்களின் ஜீவனோபாயமாக விளங்கின. பிறகு ரப்பர் மரங்கள் நின்ற இடத்தைச் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தை வீடமைப்புப் பகுதிகளும் பற்றிக்கொள்ள, தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று சுங்கை சோவிலுள்ள கார் தொழிற்சாலைக்கும் அதைச் சுற்றி எழுந்த பட்டறைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தொழிலும் குடியிருப்பும் இத்தனை தூரம் மாறிய பின்னும், பாட்டன் காலத்திலிருந்து பேரன் காலம் வரை குறைவுபடாமல் வந்திருக்கும் பற்றுதல்களில் ஒன்று, காற்பந்தின்மீது இம் மக்களுக்குள்ள பற்றுதல்.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தப் பற்றுதல் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் நிர்வாகத்தைப் பத்திரிகைகள் கண்டித்து எழுத எழுத, அவற்றைப் படித்த ரசிகர்கள் இரு தரப்பாகப் பிரிந்தார்கள். சொந்த நாட்டு அணியைத் தூற்றுகிறவன் நாட்டுக்கு நண்பனாக இருக்க முடியாது என்பது ஒரு தரப்பின் வாதம்; தவற்றை மூடி மறைக்கிறவனே அணிக்குச் சத்துரு என்பது மற்றத் தரப்பின் வாதம். இதை வெறும் விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. தலைமையிடம் விசுவாசம் காட்டுவது என்றால் அதைக் கேள்வி கேளாதிருப்பதா என்னும் வினா, கோயில் நிர்வாகம், தொழிற்சங்கம், அரசியல் கட்சி என்று நம் சமுதாய வாழ்வின் எல்லா வாசல்களிலும் வந்து நிற்பது. ஆகவே, அது மிகத் தெளிவாகத் தென்பட்ட இடத்தில் வைத்து அதனை நிதானமாக ஆராய்வது நம் கடமையாகிறது.

தோட்டத் திடலில் வேரூன்றிய பாசம்

விமர்சனம் ரசிகனை ஏன் இத்தனை வருத்துகிறது என்று அறிய வேண்டுமானால், அவனுடைய பாசம் எங்கே வேரூன்றியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெள்ளைக்கார துரைமார் காலத்துத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரை நிரையாகப் பால் வெட்டி, ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு வந்த தொழிலாளிக்கு, மாலையில் எஞ்சியிருந்த சிறிதளவு சுதந்திரம் திடலில் இருந்தது. மேட்டிலே துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்திலே லயங்கள் என்று மனிதரின் அந்தஸ்துக்கேற்ப நிலத்தையே வகுத்து வைத்திருந்த அந்த உலகத்தில், கங்காணி மகனும் பால்வெட்டுக்காரர் மகனும் ஒரே பந்தை ஒரே உரிமையோடு உதைக்கக்கூடிய சமதளம் அது ஒன்றே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம் நடத்துவதும், லாரியேறிச் சென்று அயல் தோட்டத்து அணியை எதிர்கொள்வதும், வென்ற கிண்ணத்தைக் கோயில் முன்பாக ஊர்வலமாகக் கொண்டு வருவதும் அக் காலத்துத் தோட்ட வாழ்வின் பெருமிதங்கள்.

அத்தகைய திடல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தம்மவர் தேசிய அரங்கில் நின்ற காட்சி என்ன பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். முன்வரிசையில் என். தனபாலன் புகழ் பெற்றார். கிள்ளான் தந்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கரங்களாலும் பாய்ச்சலாலும் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கி, 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் வாயிலைக் காத்தார். அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்ததால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. ஆறுமுகமும் 1988-இல் கார் விபத்தில் அகால மரணமடைந்தார். ஆனால் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சீக்கியரும் தோளோடு தோள் நின்ற அந்த அணியின் நினைவு மட்டும் இன்றுவரை மங்கவில்லை.

இப்படி வளர்ந்த ரசிகனுக்கு அணி என்பது தன் குடும்பத்தைப் போன்றது. குடும்பத்தை வெளியார் பழித்தால், பழி நியாயமானதா என்று விசாரிக்கும் முன்பே ரத்தம் கொதிக்கிறது. இது இயல்பு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொதிப்பு அடங்கிய பிறகு விசாரணை நடக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ராஜகோபால் பட்ட பாடு

பத்திரிகைக் கண்டனத்தை ரசிகர் எதிர்ப்பது எப்போதுமே பிழை என்று கொள்ளவும் கூடாது. சிலாங்கூருக்கு விளையாடிப் பெயர் பெற்ற கே. ராஜகோபால் தேசியப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற 2009-ஆம் ஆண்டில், மலேசியக் காற்பந்து பெருமைப்பட ஏதுமில்லாத நிலையில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் லாவோஸ் தலைநகர் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவருடைய இளம் அணி வியட்நாமை 1–0 என்று வென்று, 20 ஆண்டுகளாகக் கிட்டாதிருந்த தங்கத்தைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு, தென்கிழக்காசிய சாம்பியன் கிண்ணத்தின் இறுதிச் சுற்றில், டிசம்பர் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3–0 என்று வென்று, மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1–2 என்று தோற்றும், மொத்தக் கோல்களில் முன்னின்று, அக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாகக் கைப்பற்றியது.

இரண்டே ஆண்டுகள் கடந்தன. 2012 நவம்பர் 25-ஆம் தேதி, அதே கிண்ணத்துக்கான முதல் ஆட்டத்தில், சொந்த அரங்கத்தில் சிங்கப்பூரிடம் 0–3 என்று அணி தோற்றதும், நேற்றுவரை தூக்கிக் கொண்டாடிய பேனாக்களே பயிற்சியாளரின் அறிவையும் துணிவையும் சந்தேகிக்கத் தொடங்கின. அரங்கத்திலிருந்த ரசிகர் பலரும் அவற்றோடு சேர்ந்துகொண்டார்கள். அணி கலையவில்லை. லாவோஸை 4–1 என்றும் இந்தோனேசியாவை 2–0 என்றும் வென்று அரையிறுதிக்குச் சென்று, அங்கே தாய்லாந்திடம் தோற்றது. தோல்வி தோல்விதான், அதை விமர்சிக்கவும் உரிமை உண்டு. ஆனால் உள்ளூர் லீக்கின் தரம், வெளிநாட்டு ஆட்டக்காரர்மீது சங்கங்கள் வைத்த மோகம், இளைஞர் பயிற்சியின் பலவீனம் ஆகிய மூல காரணங்களை விட்டுவிட்டு, ஒரு மனிதரின் தலையைக் கேட்பது விமர்சனமாகாது. ராஜகோபாலுக்காக அன்று பரிந்து பேசிய ரசிகர்கள், நம்மவர் என்ற அபிமானத்தால் மட்டும் பேசவில்லை. சான்றின் பலம் அவர்கள் பக்கம் இருந்தது. அவருக்குப் பின் வந்த காலம் எப்படிப்பட்டது என்பதைச் சரித்திரம் விரைவிலேயே காட்டிற்று.

ஷா ஆலமில் புகைந்த கோபம்

2015 செப்டம்பர் 3-ஆம் தேதி, அபுதாபியில், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் மலேசியா 0–10 என்று தோற்றது. பயிற்சியாளர் டோலா சாலே பதவி விலகினார். ஆயினும் ரசிகரின் கோபம் பயிற்சியாளரோடு நிற்கவில்லை. இம்முறை அது குறி தவறாமல், பல்லாண்டுகளாக மாறாதிருந்த சங்க நிர்வாகத்தை நோக்கித் திரும்பிற்று. பத்திரிகைகளும் ரசிகர்களும் ஒரே குரலில் பேசிய அபூர்வமான தருணம் அது.

ஆனால், நியாயமான கோபமும் தவறான வழியில் சென்றால் தன் நியாயத்தை இழந்துவிடும் என்பதற்கு, ஐந்து நாள் கழித்து ஷா ஆலம் அரங்கத்தில் நடந்தது சாட்சி. சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணி 2–1 என்று முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே எஞ்சியிருந்தபோது, கூட்டத்திலிருந்து தீப்பந்தங்களும் புகைக் குண்டுகளும் திடலில் வந்து விழுந்தன, ஆட்டம் நிறுத்தப்பட்டது, உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா சவூதிக்கு 3–0 என்று வெற்றியை வழங்கி, மலேசியாவைத் தண்டித்தது. நிர்வாகத்தைக் கண்டிக்கப் புறப்பட்டவர்கள் அணியைக் காயப்படுத்தினார்கள். மறுநாள் பேசவேண்டியிருந்த பொருள் நிர்வாகத்தின் குறைபாடு. பேசப்பட்டதோ ரசிகரின் ஒழுங்கீனம். குற்றம் சாட்டியவனே குற்றவாளியாய் நிற்க நேர்ந்த அந்த அனுபவத்தை நம் இளைஞர்கள் மறக்கலாகாது.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. 2017-இல் சங்கத்தின் தலைமைக்கு வந்த ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில், தரவரிசையில் நாடு 178-ஆம் இடத்துக்கு இறங்கிய 2018 மார்ச்சில், கண்டனங்கள் எழுந்ததும், பதவியை விட்டு விலகினார். அவருடைய நிர்வாகத்தைப் பற்றி எவர் எந்த அபிப்பிராயம் கொண்டாலும், பொறுப்புள்ளவர் பொறுப்பேற்பது சாத்தியமே என்பதற்கு அது ஒரு முன்னுதாரணமாக நிற்கிறது.

ஏழு பேரின் பாட்டன்மார்

2025 ஜூன் 10-ஆம் தேதி, புக்கிட் ஜாலிலில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா வியட்நாமை 4–0 என்று வென்றது. 11 ஆண்டுகளாக வெல்ல முடியாதிருந்த அணியை வென்ற அந்த இரவு, செரண்டாவிலிருந்து ரயிலேறிச் சென்றவர்களுக்கும், வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்தவர்களுக்கும், நெடுநாள் வறட்சிக்குப் பின் கிட்டிய ஆனந்தமாக இருந்தது. பாட்டன் பாட்டி வழியில் மலேசிய வம்சத்தினர் என்று சொல்லி, குறுகிய காலத்தில் பிரஜாவுரிமை வழங்கி, தென் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கொண்டு வரப்பட்ட ஆட்டக்காரர்கள் அந்த வெற்றிக்குப் பெரிதும் காரணமாயிருந்தார்கள். மறுநாளே அவர்களுடைய தகுதியைப் பற்றி ஃபிஃபாவுக்குப் புகார் சென்றது. வியட்நாமிலிருந்து எழுந்த கேள்விகளை, தோற்றவர்களின் பொறாமை என்று நம் ரசிகர் பலர் தள்ளினார்கள். உள்நாட்டில் அதே ஐயத்தைக் கிளப்பியவர்கள் தேசாபிமானமற்றவர்கள் என்று ஏசப்பட்டார்கள்.

செப்டம்பர் 26-ஆம் தேதி ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தன் முடிவை வெளியிட்டது. பொய்யாக்கப்பட்ட பத்திரங்கள் சமர்ப்பிக்கப்பட்டதாகத் தீர்மானித்து, சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், அவ்வாறு கொண்டு வரப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கு 2,000 ஃபிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும் விதித்தது. அக்டோபரில் வெளிவந்த விரிவான தீர்ப்பு இன்னும் கடுமையாக இருந்தது: சமர்ப்பிக்கப்பட்ட பத்திரங்களில் பினாங்கிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் சரவாக்கிலும் பிறந்ததாகக் காட்டப்பட்ட பாட்டன் பாட்டிமார், மூலப் பத்திரங்களின்படி அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் பிறந்தவர்கள். சங்கம் இதனை நிர்வாகத்தில் நேர்ந்த தொழில்நுட்பப் பிழை என்று விளக்கி மேல்முறையீடு செய்தது; நவம்பர் 3-ஆம் தேதி அது தள்ளுபடியாயிற்று. டிசம்பரில், அவ்வாண்டு நடந்த மூன்று நட்பு ஆட்டங்களும் 0–3 என்ற தோல்விகளாக அறிவிக்கப்பட்டன. அடுத்து வந்த ஜனவரியில் சங்கத்தின் செயற்குழு முழுவதும் பதவி விலகியது.

இந்த மாதங்களில் ரசிகரின் மனம் சென்ற பாதையைக் கவனிப்பது பயனுள்ளது. முதலில் மறுப்பு, பிறகு, தீர்ப்பளித்தவர்களிடம் சந்தேகம், பிறகு, எழுதியவர்கள்மீது கோபம், கடைசியாக, தம்மை ஏமாற்றியவர்கள் யார் என்ற வினா. இறுதியில் கேட்கப்பட்ட இந்த வினா முதலிலேயே கேட்கப்பட்டிருக்குமானால், சேதம் இத்தனை தூரம் சென்றிராது. இதே காலத்தில், சங்கத்தின் விவகாரங்களைத் தொடர்ந்து எழுதி வந்தவர்களில் ஒருவரான பத்திரிகையாளர் ஹரேஷ் டியோல், நவம்பரில் பங்சாரில் தாக்கப்பட்டார். அதற்குக் காரணம் என்ன என்பதைத் தீர்மானிக்க வேண்டியது சட்டம். அதை ஊகத்தால் நிரப்புவது நமக்கு ஏற்றதன்று. ஆனால், எழுதுகிறவனுக்கு அடி விழும் சமுதாயத்தில் உண்மையைக் கேட்டறிய ரசிகனுக்கு வழி ஏது என்பதை ஒவ்வொரு ரசிகனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தின் அருமை அறிந்தவர்கள்

இந்த விவகாரத்தில் மற்ற எவரைக் காட்டிலும் தோட்டத் தமிழருக்கு நோவு அதிகம். காரணம், பிறப்புப் பத்திரம் என்னும் காகிதத்தின் அருமையை அவர்களைப் போல் அனுபவித்து அறிந்தவர்கள் சிலரே. லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவு செய்ய ஆளில்லாமல் போனவர்கள். சுதந்திரம் வந்தபோது பிரஜாவுரிமைக்கு மனுச் செய்ய வழி தெரியாமல் காலம் கடத்தியவர்கள். 1969-க்குப் பின், பிரஜையல்லாதவர்க்கான வேலை பெர்மிட் சட்டம் கடுமையாக அமலாக்கப்பட்டபோது, பிறந்த மண்ணையே விட்டுக் கப்பலேறிய பல்லாயிரம் பேர். ஆயுள் முழுதும் இந்த நாட்டில் பால் வெட்டியும் பிரஜையல்லாதவர்க்குரிய சிவப்பு அடையாளக் கார்டோடு கண்ணை மூடிய முதியவர்கள் என்று இந்தச் சரித்திரம் நீளமானது. 2011-இல் ‘மைடஃப்தார்’ என்ற பெயரில் அரசாங்கமே பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்றால், துயரம் எத்தனை பரவலாக இருந்தது என்பது விளங்கும்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ரசிகன் ஒருவன், பதிவிலாகா மூலப் பத்திரங்களைக் காணாமல் இரண்டாந்தரத் தகவல்களைக் கொண்டு பத்திரம் வழங்கியதைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது என்று படிக்கிறான். நாட்டில் வசித்திருக்க வேண்டிய காலத்துக்கான நிபந்தனை விசேஷ அதிகாரத்தால் தளர்த்தப்பட்டது என்றும் படிக்கிறான். தன் பாட்டிக்காகத் தன் தந்தை பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்ததும், இன்ன தாளைக் கொண்டு வா, இன்ன சாட்சியைக் கொண்டு வா என்று திருப்பியனுப்பப்பட்டதும் அவனுக்கு நினைவு வருகின்றன. அவனுடைய கோபம் அந்த ஆட்டக்காரர்கள்மீது பாய்வது தகாது. வந்தவர்கள் அழைப்பை ஏற்று வந்தார்கள், ஆடினார்கள். ஆனால், பந்து உதைக்கத் தெரிந்தவனுக்கு இளகிய கதவு, காடு திருத்திய கைகளுக்கு ஏன் இளகவில்லை என்று அவன் கேட்டால், அந்தக் கேள்வியைத் தேசத் துரோகம் என்று யார் சொல்ல முடியும்? அது தேசத்தின் மீதுள்ள பாத்தியதையிலிருந்து பிறந்த கேள்வி.

பத்திரிகைக்கும் தருமம் உண்டு

ரசிகனுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டுப் பத்திரிகையை விட்டுவிடுவது நியாயமாகாது. வெற்றி நாளில் கேள்வியே கேளாமல் துதி பாடிவிட்டு, தோல்வி நாளில் கத்தியைத் தீட்டுவது விமர்சனமாகாது. பெயர் சொல்லாத வட்டாரங்களை ஆதாரமாகக் காட்டி, ஒரு பயிற்சியாளரின் பிழைப்பைக் கெடுப்பதும் விமர்சனமாகாது. நிர்வாகிகளின் அறைக்குள் நுழையும் அனுமதி போய்விடுமே என்று அஞ்சி, கேட்க வேண்டியதைக் கேளாமல் திரும்புவது இவ்விரண்டையும்விடப் பெரிய குற்றம். புதிய ஆட்டக்காரர்களின் பாட்டன்மார் எந்த ஊரில் பிறந்தார்கள் என்று ஜூன் மாதத்து ஆரவாரத்தின் நடுவே விடாமல் கேட்டிருக்க வேண்டியது பத்திரிகையின் வேலை. ஏற்கத்தக்க பதில் கிடைக்கும்வரை அந்தக் கேள்வி ஓய்ந்திருக்கக் கூடாது. ரசிகர் பத்திரிகைகளை நம்ப மறுத்ததற்கு, பத்திரிகைகள் தாமே பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த காரணங்களும் உண்டு.

ஆகவே, ஒரு கண்டனத்தை எதிர்கொள்ளும் ரசிகன் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சிலவே. எழுதியவன் யார், எந்த நாட்டான், எந்தக் கட்சியான் என்பது முதற்கேள்வியாக இருக்கலாகாது. எழுதியது உண்மையா, அதற்கு ஆதாரம் காட்டப்பட்டிருக்கிறதா, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் கேட்கப்பட்டிருக்கிறதா, குறி மனிதர்மீதா செயல்மீதா என்பனவே கேட்கத் தக்கவை. இந்தச் சோதனையில் 2012-இல் ராஜகோபால்மீது வீசப்பட்ட வசைகளில் பல தேறா. 2025-இல் சங்கத்தின்மீது எழுந்த கேள்விகள் தேறிவிடுகின்றன. முன்னதை எதிர்த்ததும் விசுவாசமே. பின்னதை ஏற்பதும் விசுவாசமே.

கேட்கும் உரிமையும் கேட்கும் கடமையும்

அணி வேறு, அணியை ஆள்வோர் வேறு என்ற பகுத்தறிவு நமக்கு வந்துவிட்டால், இந்த வழக்கில் பாதி தீர்ந்துவிடும். 1980-இல் ஆறுமுகம் காத்த கோல் வாயில் எந்தச் சங்கத் தலைவருக்கும் சொந்தமானதன்று. 1921-இல் தொடங்கிய மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற சிலாங்கூரின் சிவப்புச் சட்டையும் எந்த நிர்வாகக் குழுவின் சொத்துமன்று. அவை சீட்டு வாங்கி வெயிலிலும் மழையிலும் நின்று பார்த்த தலைமுறைகளுக்குச் சொந்தம். பதவியில் இருப்பவர்கள் அவற்றின் தற்காலிகக் காவலர்கள். காவலரைக் கணக்குக் கேட்பவன் வீட்டுக்குப் பகைவன் ஆகான்.

கேட்பதற்கு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஒருவருக்கு நாட்டின் சட்டையை அணியத் தகுதி எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது, அந்தப் பத்திரங்களைச் சரிபார்ப்பவர் யார், தவறு நேர்ந்தால் எவர் பொறுப்பு என்பதைச் சங்கம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். சங்கத்தின் தேர்தலில் வாக்களிக்கும் மாநிலச் சங்கங்கள், தாம் யாருக்கு, ஏன் வாக்களித்தோம் என்பதைத் தம் ரசிகர்களுக்கு விளக்க வேண்டும். வெளியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டு வரச் செலவிடும் சிரத்தையில் ஒரு பங்காவது, தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் செரண்டா போன்ற சிற்றூர்களின் திடல்களிலும் வெறுங்காலோடு ஓடும் சிறுவர்மீது செலவிடப்பட வேண்டும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது காணாமற்போன திடல்களுக்கு ஈடாகத் திடல்கள் தரப்பட வேண்டும். இவற்றை ரசிகர் மன்றங்கள் மனுவாக எழுதலாம், மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்கலாம், பத்திரிகைக்குக் கடிதமாக அனுப்பலாம். தீப்பந்தம் எறிய வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கும் செரண்டாவிலிருந்து ரசிகர்கள் போவார்கள், போகத்தான் வேண்டும். தோல்வியிலும் அவமானத்திலும் அணியைக் கைவிடாதிருப்பது அவர்களுடைய பெருங்குணம். ஆனால் அரங்கத்தில் அணிக்காகக் குரல் கொடுக்கும் அதே தொண்டை, அரங்கத்துக்கு வெளியே நிர்வாகத்திடம் கணக்கும் கேட்க வேண்டும். கணக்குக் கேட்டு எழுதுகிறவனுக்குத் துணையாகவும் நிற்க வேண்டும். புகழுரையால் மட்டும் வளர்ந்த அணி உலகில் எங்கும் இல்லை. உண்மையைத் தாங்கிக்கொள்ளும் ரசிகர் கூட்டம் எந்த நாட்டில் உருவாகிறதோ, அந்த நாட்டின் அணிதான் நேர்மையாக வெல்லவும், தோற்றாலும் தலை நிமிர்ந்து திரும்பவும் வல்லது. அத்தகைய கூட்டமாக நாம் உருவாவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, இன்றே தொடங்கலாம்.